கேஸ்

"கேஸ் பார்க்க வந்திருக்கேன்" என்றதுதான் தப்பு.
சின்னப்பாலத்தின் கடைசிக் கொட்டகையில்
விரலில் துணி சுற்றிக்கொண்டிருந்த நம்புச்செல்வி
சுற்றுவதை நிறுத்தினாள்.
"எந்தக் கேஸு? பாரஸ்ட்டுல போட்டதா?
அதுக்குத்தான் போன மாசமே பைன் கட்டியாச்சே."

இது வேற கேஸ் என்று சொல்லப் பார்த்தேன்.
கேணிக்கரையில் ஒரு மாடி.
பத்து மாதப் படிப்பு,
பதினொரு பெண்கள், இரண்டு ஆண்கள், சுற்றாத ஒரு மின்விசிறி.
ஒருத்தி பயனாளியாகவும் ஒருத்தி பணியாளராகவும்
எதிரெதிரே உட்கார்ந்து பழகுவோம்.
தொண்டி சித்தீக்கா பயனாளியானால்
துப்பட்டா நனைய அழுவாள்.
நான் குறுக்கே பேசவில்லை,
கடிகாரம் பார்க்கவில்லை,
"நீங்க சொன்னதை நான் இப்படிப் புரிஞ்சிக்கிறேன்" என்றேன்.
பத்துக்கு எட்டு.

நம்புச்செல்வி அழவில்லை.
நீர் வத்தத் தொடங்கியிருந்தது.
புடவைமேல் ஆண்சட்டையை மாட்டிக்கொண்டே
"கேளுத்தா சட்டுன்னு" என்றாள்.

கேட்டேன்: உங்கள் முதன்மைத் தேவை என்ன?
"கண்ணாடி ஒழுகுது. தண்ணிக்குள்ள பாசி தெரியல."
படிவத்தில் உணவு இருந்தது, உறைவிடம் இருந்தது,
மனநலம், சட்ட உதவி.
'இதர' என்பதில் டிக் அடித்தேன்.

தடைக்காலப் பணம் வங்கியில் கிடக்கிறது என்பது
இரண்டாம் வருகையில்தான் தெரிந்தது.
மெஷினில் அவள் விரல் விழவில்லை.
வலதில் ஐந்து, இடதில் ஐந்து,
எச்சில் தொட்டு, முந்தானையில் துடைத்து, மறுபடி முதலிலிருந்து.
இருபது வருடப் பாறை
ரேகையைத் தின்றிருந்தது.
"பாசி எடுக்கிற கை சார்" என்றேன்.
மெஷினிடமும் சொல்லுங்கள் என்பதுபோல்
அந்த ஆள் திரையைத் திருப்பிக் காட்டினார்.

கண்ணை வைத்துப் பதிகிற இடம் ராமநாதபுரத்தில்.
பேருந்து பாலத்தில் ஏறியதும்
அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக் குருசடைத் தீவைப் பார்த்தாள்.
"இந்நேரம் எல்லாரும் எறங்கியிருப்பாளுக."
வரிசையில் எல்லோரிடமும் சொன்னார்கள்,
இமைக்காதீங்க, இமைக்காதீங்க.
இவளிடம் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை.

கண் விழுந்தது. பெயர் விழவில்லை.
அட்டையில் நம்புச்செல்வி,
பாஸ்புக்கில் நம்புசெல்வி.
ஒரு ச் குறைகிறது, அடுத்த வாரம் வாங்க.

அடுத்த வாரம் என்றால் அவளுக்கு ஒரு வத்தம்,
ஒரு வத்தம் என்றால் நானூறு ரூபாய்.
வருகைப் பதிவேட்டில் அதற்குக் கட்டமில்லை.
இப்போதெல்லாம் என் டைரியில்
தேதிக்குப் பக்கத்தில் பிறையும் எழுதுகிறேன்.
கடல் இறங்காத நாட்களில்தான் போகிறேன்.
மரியபுஷ்பம் மிஸ் அதன்மேல்
சிவப்பில் ஒரு கேள்விக்குறி போட்டார்.
அடுத்த பக்கத்தில் இன்னொன்று:
'வாக்குறுதி தரக்கூடாது, மறந்துவிட்டாயா?'
மறக்கவில்லை மிஸ். பெயரே நம்பு என்று தொடங்குகிறவளிடம்
எப்படி அதைச் சொல்வது, அதுதான் தெரியவில்லை.

ஐந்தாம் வருகையில் கேள்விகள் அவளுடையவை.
மாசம் எவ்வளவு தருவாங்க?
படிப்பு முடியணும்க்கா.
அதுவரைக்கும்?
அக்கா வளையல் ரெண்டு கடையில இருக்கு.
முடிஞ்சா வேலை நிச்சயமா?
நான் தலையாட்டினேன்,
ஆமென்றும் இல்லையென்றும் தெரியாதபடி.
அவள் குறுக்கே பேசவில்லை.
வத்துகிற கடலையும் பார்க்கவில்லை.

பக்கத்துக் கொட்டகை முனீஸ்வரி
கூடையோடு எட்டிப் பார்த்தாள்: "யாரு இது?"

"என் கேஸு" என்றாள் நம்புச்செல்வி.

மூன்றரை பஸ் போய்விட்டது.
நிறுத்தத்தில் உட்கார்ந்து வங்கி மேலாளருக்குக் கடிதம் எழுதினேன்.
ஐயா, வணக்கம்.
மேற்படி பெயரில் விடுபட்ட ச்.
அந்தப் புள்ளியை மட்டும்
பேனா அழுந்த இரண்டுமுறை வைத்தேன்.